வியன்னா பைஸ்லில் வயிறாரச் சாப்பிடுவது எப்படி: ஒரு புதுச்சேரி சமையல்காரரின் குறிப்புகள்

பாரீஸில் அத்தை மகன் வீட்டில் ஒரு வாரம், அங்கிருந்து வியன்னா, அப்புறம் வெனிஸ் என்று சுற்றிவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் புதுச்சேரியில் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். வியன்னாவில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பீட்சா என்பார்கள், இல்லாவிட்டால் கெபாப். ஏன் அந்த ஊர்ச் சாப்பாடு சாப்பிடவில்லை என்றால் எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "எதுலயும் காரமே இல்லப்பா."

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வியன்னாவின் மூன்றாவது வட்டாரத்தில் ஒரு சின்ன உணவகத்தின் அடுப்படியில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் நான். இப்போது முத்தியால்பேட்டையில் இருந்துகொண்டு விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். அந்த ஊர்ச் சாப்பாட்டில் காரமும் உண்டு, புளிப்பும் உண்டு. ஆனால் அவற்றைக் குழம்பில் கலந்து தரமாட்டார்கள், தட்டின் ஓரத்தில் தனியாக வைப்பார்கள். நம் ஆட்கள் அதை அலங்காரம் என்று நினைத்துத் தள்ளிவைத்துவிட்டு, நடுவில் இருக்கும் கறியை மட்டும் தின்றுவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்கிறார்கள். அதனால், போகப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கே, எப்போது

நீங்கள் தேட வேண்டியது பைஸ்ல் என்ற வகைக் கடை. வியன்னாவில் எல்லா வட்டாரத்திலும் உண்டு. சுவரில் பாதி உயரத்துக்குக் கறுத்த மரப்பலகை, ஒரு மூலையில் பீர் ஊற்றும் மேடை, கோட்டு மாட்டக் கொக்கிகள், வாசலில் அன்றைய சாப்பாட்டைச் சாக்குக்கட்டியால் எழுதிய பலகை. இவ்வளவுதான் அடையாளம். ஆறு மொழியில் மெனு, பக்கத்துக்குப் பக்கம் பளபளப்பான படங்கள், வாசலில் நின்று கூப்பிட ஒரு ஆள் என்று இருந்தால் அடுத்த தெருவுக்கு நடந்துவிடுங்கள்.

பேர் போன கடைக்குத்தான் போக வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஸ்டீஃபன் பேராலயத்துக்குப் பக்கத்தில் 1905 முதல் இருக்கும் ஃபிக்ல்ம்யூலரில் ஷ்னிட்சல், அதாவது தட்டி ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கறி, தட்டை மீறி வெளியே தொங்கும். ஆனால் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். அங்கே பெயர் பெற்றது பன்றிக்கறி ஷ்னிட்சல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் சிபாரிசு வேலை நாளின் மதியச் சாப்பாடு. திங்கள் முதல் வெள்ளி வரை பல பைஸ்ல்களில் மிட்டாக்ஸ்மெனு என்று ஒரு சூப்பும் ஒரு முக்கிய உணவும் சேர்த்துத் தருவார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட மலிவு. பதினொன்றரைக்கு ஆரம்பிக்கும், இரண்டு மணிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து அலுவலகத்து ஆட்கள், கட்டட வேலை செய்பவர்கள், தினமும் அதே மேசையில் உட்காரும் பாட்டிமார் என்று வாடிக்கைக்காரர்களுக்காகச் சமைப்பது அது. நாளைக்கும் வரப்போகிறவருக்குச் சமைக்கும்போது சமையல்காரர் ஏமாற்ற முடியாது, நானே அந்தப் பக்கம் நின்றிருப்பதால் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை என்றால் மீனோ, இனிப்பான மாவுப் பண்டமோ முக்கிய உணவாக இருப்பது வழக்கம். கத்தோலிக்க நாடு. நம்ம ஊர் சம்பா கோயில் பக்கத்து வீடுகளில் வெள்ளிக்கிழமை கறி ஆக்காதவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடும் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். கடை திறந்திருந்தாலும் சமையலறை ஒன்பது, ஒன்பதரைக்கே மூடிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பல பைஸ்ல்களுக்கு விடுமுறை.

உள்ளே நுழைந்ததும் "க்ரூஸ் காட்" என்று பொதுவாக ஒரு வணக்கம் போடுங்கள். "ரிசர்வியர்ட்" என்று அட்டை வைத்த மேசையை விட்டுவிட்டுக் காலியான இடத்தில் உட்காரலாம். சர்வர் உடனே ஓடிவரமாட்டார், வந்தாலும் சிரிக்கமாட்டார். வியன்னா சர்வர்கள் எல்லாரிடமும் அப்படித்தான், நம்மைப் பார்த்து முகம் சுளிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் "லைட்டுங்ஸ்வாஸர்" என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் வரும். சில கடைகளில் அதற்கும் சிறு காசு போடுவார்கள். தயங்காமல் குடிக்கலாம். 1873இல் திறந்த முதல் குழாய்ப்பாதையும் 1910இல் திறந்த இரண்டாவதும் ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீரைத்தான் ஊருக்குக் கொண்டுவருகின்றன. மதுவும் வேண்டாம், வெறும் தண்ணீரும் வேண்டாம் என்றால் ஆல்ம்டூட்லர். மலை மூலிகை வாசனையுள்ள சோடா, 1957 முதல் அங்கே பிரபலம். குழந்தைகள் விட மாட்டார்கள்.

சூப்பை விடாதீர்கள்

மதியச் சாப்பாட்டோடு வரும் சூப் பெரும்பாலும் தெளிவான மாட்டிறைச்சிச் சாறு. எலும்பும் கறியும் கேரட்டும் செலரிக் கிழங்கும் போட்டு, கொதிக்கவிடாமல் சிறு தீயில் மணிக்கணக்கில் வைத்து, கலக்காமல் வடிப்பார்கள். அதனால்தான் அடி வரை தெரியும். அதற்குள் ஃப்ரிட்டாட்டன் போட்டு வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: மெல்லிய முட்டை தோசையைச் சுருட்டி நூல் நூலாக நறுக்கியது மாதிரி இருக்கும். ரவை உருண்டை போட்டும் வரும், ஈரல் உருண்டை போட்டும் வரும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இதில் கவனமாக இருங்கள். சூப்பில் கறித்துண்டு எதுவும் கண்ணில் படாது, ஆனால் சாறு முழுவதும் மாடுதான்.

தட்டின் ஓரம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். க்ரென் என்று ஒரு வேர். வெளியே பழுப்பு, உள்ளே வெள்ளை. கடுகு, முள்ளங்கி குடும்பம். முழு வேரை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. துருவும்போது அதன் செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த பொருள்கள் ஒன்று சேர்ந்து காரமான ஒரு எண்ணெயாக மாறுகின்றன. மிளகாயின் காரம் நாக்கிலேயே உட்கார்ந்து எரியும். இது ஆவியாகும், அதனால் நேராக மூக்குக்கு ஏறும். கண்ணில் தண்ணீர் வரும், சட்டென்று இறங்கியும் விடும். சூடு பட்டால் காரம் போய்விடும் என்பதால் யாரும் இதைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவைப்பதில்லை. சாப்பிடும் நேரத்தில் துருவி, அவித்த மாட்டிறைச்சிக்கும் வேகவைத்த பன்றிக்கறிக்கும் சாசேஜுக்கும் பக்கத்தில் ஒரு குவியலாக வைப்பார்கள். ஆப்பிள் துருவலோடு சேர்த்தால் ஆப்ஃபல்க்ரென், ரொட்டியைச் சாற்றில் ஊறவைத்துக் குழைத்தால் ஸெம்மல்க்ரென்.

சாப்பிடும் முறை: கொழுப்புள்ள ஒரு துண்டுக் கறியை எடுத்து, அதன் மேல் ஒரு சிட்டிகை க்ரென் வைத்து, இரண்டையும் சேர்த்து மெல்லுங்கள். ஏறினால் மூக்கால் மூச்சை இழுத்து வாயால் விடுங்கள். தண்ணீரைவிட ஒரு கடி ரொட்டி உதவும். க்ரெனைத் தனியாக எடுத்து வாயில் போட்டு வீரம் காட்ட வேண்டாம்.

இதை ருசிக்கச் சரியான உணவு டாஃபல்ஷ்பிட்ஸ். மாட்டின் பின்தொடை நுனிக் கறியை அதே சாற்றில் மெதுவாக வேகவைத்து, குறுக்கே நறுக்கி, ஆப்ஃபல்க்ரெனும் பச்சைத் தழை போட்ட வெள்ளைச் சாஸும் வறுத்த உருளைக்கிழங்கும் வைத்துத் தருவார்கள். ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசஃபுக்கு மிகப் பிடித்ததாம். வெறும் கறியைத் தின்றால் பேரரசர் மேலேயே சந்தேகம் வரும். க்ரெனோடு சாப்பிட்டால் அவர் கட்சிக்குப் போய்விடுவீர்கள்.

ஷ்னிட்சலுக்கு ஓரத்தில் வருவது எலுமிச்சையும் உருளைக்கிழங்கு சாலடும். என் சின்னம்மா பாரீஸிலிருந்து வந்திருந்தபோது தட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னடா, இதுக்கு ஊத்திக்க ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே கைப்பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்தார். ஊற்றிக்கொள்ள எதுவும் கிடையாது, இருக்கவும் கூடாது. மேல்தோல் மொறுமொறுப்பாக இருப்பதற்காகத்தான் சமையல்காரர் அவ்வளவு பாடுபடுகிறார். கறியை அரை சென்டிமீட்டர் அளவுக்குத் தட்டி, மாவு, முட்டை, ரொட்டித்தூள் என்று வரிசையாகப் புரட்டுவார். தூளை அழுத்தவே கூடாது. அப்புறம் கறி மிதக்கும் அளவுக்குச் சூடான நெய்யிலோ கொழுப்பிலோ போட்டுச் சட்டியை ஆட்டிக்கொண்டே இருப்பார். கறியிலிருந்து எழும் ஆவி மேல்தோலைத் தூக்கிவிடும், அதனால் அங்கங்கே அலை அலையாக உப்பி நிற்கும். கத்தியை நுழைத்துப் பாருங்கள், தோலுக்கும் கறிக்கும் நடுவில் இடம் இருந்தால் நல்ல கை. கறியோடு ஒட்டிக்கொண்டு எண்ணெய் கசிந்தால் எங்கோ பொரித்து வைத்ததைச் சூடாக்கியிருக்கிறார்கள். இன்னொரு சோதனை, சமையலறைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் ஆர்டர் சொன்ன கொஞ்ச நேரத்தில் கறி தட்டும் சத்தம் கேட்க வேண்டும்.

எலுமிச்சையை மொத்தமாகப் பிழிந்துவிடாதீர்கள், ஊறிவிடும். வெட்டிய துண்டின் மேல் மட்டும் இரண்டு சொட்டு. ஒரு வாய் ஷ்னிட்சல், ஒரு வாய் சாலட் என்று மாறி மாறிப் போங்கள். அந்தச் சாலட்டில் மயோனைஸ் இருக்காது, வினிகரும் வெங்காயமும் கடுகு விழுதும்தான். அந்தப் புளிப்பு இல்லாமல் முழு ஷ்னிட்சலை உள்ளே தள்ளுவது கஷ்டம். சின்னம்மாவும் கடைசியில் சாலட்டை இரண்டாவது கிண்ணம் வாங்கினார், ஊறுகாய் பைக்குள் போய்விட்டது.

மெனுவில் சட்டம் ஒன்று ஒளிந்திருக்கிறது. வெறுமனே "வீனர் ஷ்னிட்சல்" என்று போட்டிருந்தால் அது கன்றுக்குட்டி இறைச்சியாகத்தான் இருக்க வேண்டும். பன்றி என்றால் "ஃபோம் ஷ்வைன்" என்றோ "வீனர் ஆர்ட்" என்றோ எழுதியாக வேண்டும். கோழியும் வான்கோழியும் பல கடைகளில் கிடைக்கும். ஆனால் எந்தக் கறியானாலும் பொரிப்பது பன்றிக் கொழுப்பாக இருக்கலாம். அது ஆகாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு ஆர்டர் செய்யுங்கள்.

குலாஷ்தான் நம் நாக்குக்குச் சீக்கிரம் பழகும். ஹங்கேரியிலிருந்து வந்தது, வியன்னா தன் பாணியில் மாற்றிக்கொண்டது. கறி எவ்வளவோ கிட்டத்தட்ட அதே எடைக்கு வெங்காயம். மாவு போட்டுக் கெட்டியாக்குவதில்லை, வெங்காயம் கரைந்தே குழம்பு திரண்டுவரும். பப்ரிகாத் தூளும் சீரகத்தின் உறவான கேரவேயும்தான் முக்கிய வாசனை. சிவப்பைப் பார்த்து மிளகாய்க் காரத்தை எதிர்பார்க்காதீர்கள், அந்தப் பப்ரிகா இனிப்பு வகை. குலாஷை மறுநாள் சூடாக்கினால் ருசி கூடும் என்பதால், எந்தச் சுமாரான கடையிலும் துணிந்து சொல்லக்கூடியது இது. முட்டையும் சாசேஜும் விசிறிபோல் நறுக்கிய வெள்ளரி ஊறுகாயும் சேர்ந்து வந்தால் அதற்கு ஃபியாக்கர் குலாஷ் என்று பெயர். பசியோடு போனால் மட்டும் கேளுங்கள்.

சாசேஜ் வேண்டுமென்றால் பைஸ்ல் தேவையில்லை, தெருமுனை வியூர்ஸ்டல் கடைகளில் நின்றுகொண்டே சாப்பிடலாம். 2024இல் ஆஸ்திரியாவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்தக் கடைகளையும் சேர்த்துவிட்டார்கள். கடுகு எது வேண்டும் என்று கேட்டால் "ஷார்ஃப்" என்று சொல்லுங்கள், காரமானது வரும். சீஸ் அடைத்த கேஸக்ரைனரை முதல் கடியில் நிதானமாகக் கடியுங்கள், உள்ளே உருகிய சீஸ் பீய்ச்சி அடிக்கும்.

சைவர்கள், கறி விலக்குள்ளவர்கள்

வழி இருக்கிறது, கொஞ்சம் கேள்வி கேட்க வேண்டும். கேஸ்ஷ்பெட்ஸ்லே என்பது முட்டை போட்ட குட்டி மாவுத் துண்டுகளை மலைநாட்டுச் சீஸில் புரட்டி, மேலே பொரித்த வெங்காயம் தூவியது. பச்சைச் சாலட் இல்லாமல் அதைச் சாப்பிட ஆரம்பிக்காதீர்கள், பாதியில் திகட்டிவிடும். காளான் குலாஷ், ரொட்டி உருண்டைகளோடு. பசலைக்கீரை உருண்டை. ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த காளான் அல்லது சீஸ். முட்டையும் சாப்பிடாதவர்களுக்கு வேகவைத்த காய்கறியும் உருளையும்தான் மிச்சம், அதை மறைப்பானேன்.

மாட்டுச்சாறு எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்றால், உருளைக்கிழங்கு சாலட்டில், காய்கறி சூப்பில். முட்டைக்கோஸ் கறியில் புகைபோட்ட பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இருக்கலாம். "ஓனே ஃப்லைஷ்" (கறி இல்லாமல்) என்றால் கறித்துண்டு இல்லை என்று மட்டும் புரிந்துகொள்ளும் சர்வர்கள் உண்டு, சாற்றைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

மெனுவில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஏ, சி, ஜி என்று எழுத்துகள் இருக்கும். எங்கள் ஒன்றுவிட்ட மாமா அதைத் தரவரிசை என்று நினைத்து ஏ போட்டதாகப் பார்த்து ஆர்டர் செய்துகொண்டிருந்தார். அவை ஒவ்வாமைக் குறியீடுகள். 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தத் தகவலைத் தருவது கட்டாயம். ஆஸ்திரியாவில் ஏ என்றால் கோதுமை வகை, சி முட்டை, ஜி பால், ஹெச் கொட்டைகள், எம் கடுகு. மாடு, பன்றி இரண்டுக்கும் எழுத்து கிடையாது, அதனால் இதை வைத்துச் சைவம் அசைவம் கண்டுபிடிக்க முடியாது.

இனிப்பை முக்கிய உணவாகவே சாப்பிடலாம் என்பது அந்த ஊரின் பெரிய வசதி. கைசர்ஷ்மாரன் தடித்த, உப்பிய முட்டைப் பணியாரத்தைச் சட்டியிலேயே பிய்த்து, சர்க்கரை தூவி, பிளம்ஸ் பழக் கூட்டோடு தருவது. இருவருக்கு ஒன்று போதும், கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். உடனே வந்தால் அது புதிதல்ல. ஜூலையில் போனால் வாக்கௌ பள்ளத்தாக்கு ஆப்ரிகாட் வைத்த உருண்டை. கசகசா போட்ட பண்டங்களும் பிரமாதம். ஆனால் கசகசா பொட்டலம் வாங்கிக்கொண்டு துபாய் வழியாகத் திரும்பாதீர்கள், அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள்.

காபியை அங்கே குடிக்க வேண்டாம். எழுந்து ஒரு காபி ஹவுஸுக்கு நடங்கள்.

பில்

கேட்காமல் பில் வராது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் விரட்டவும் மாட்டார்கள். "ட்ஸாலன், பிட்டே" என்றால் வருவார், சேர்த்தா தனித்தனியா என்று கேட்பார். டிப்ஸை மேசையில் வைத்துவிட்டுப் போவது பழக்கமில்லை. 27 யூரோ 40 சென்ட் என்றால் "முப்பது" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள், அவர் மீதியைக் கணக்கு பார்த்துக்கொள்வார். ஐந்திலிருந்து பத்து சதவீதம் போதும். மேசையில் இருந்த கூடையிலிருந்து ரொட்டி எடுத்திருந்தால் எத்தனை என்று கேட்பார், அது இலவசம் அல்ல. சின்னக் கடைகளுக்குக் கையில் ரொக்கமாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கட்டித்தரச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த ஊர்க்காரர்களே செய்வதுதான். முதியவர்கள் "க்லைனே போர்ட்சியோன்" என்று சின்ன அளவு கேட்கலாம்.

போவதற்கு முன் வீட்டில் ஒரு ஒத்திகை

இதை நான் எல்லாரிடமும் வற்புறுத்துவேன். கோழி நெஞ்சுக்கறியைப் பிளந்து விரித்து, பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துச் சப்பாத்திக் கட்டையால் தட்டுங்கள். ரொட்டித்தூளுக்கு நம்ம ஊர் நீளமான பிரெஞ்சு ரொட்டியை ஒரு நாள் காயவைத்துப் பொடிக்கலாம். அதில் இனிப்பு இல்லை. கடலூர்க்காரர்கள் பேக்கரியில் சால்ட் பிரட் என்று கேட்டு வாங்குங்கள். இனிப்பு பன் தூளில் புரட்டினால் கறி வேகும் முன்பே தோல் கருகிவிடும். நெய்யும் கடலை எண்ணெயும் பாதிக்குப் பாதி, இரண்டு விரல் ஆழம். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும்.

சாலட்டுக்குச் சின்னப் புது உருளைக்கிழங்காகப் பொறுக்கி எடுங்கள், பழையது மாவாகிவிடும். தோலோடு வேகவைத்து, சூட்டோடு உரித்து நறுக்கி, சூட்டோடு வினிகரும் கோழிச்சாறும் ஊற்றுங்கள். ஆறிய கிழங்கு புளிப்பை உள்ளே வாங்காது. பொடியாக நறுக்கிய வெங்காயம், கடுகு விழுது, கடைசியில் எண்ணெய்.

க்ரென் வேர் இங்கே கிடைக்காது. ஆனால் நம் கருங்கடுகில் இருப்பதும் அதே காரம்தான். தாளிக்கும்போது சூட்டில் போய்விடுவதால் நமக்குத் தெரிவதில்லை. இரண்டு தேக்கரண்டி கடுகைப் பச்சையாகப் பொடித்து, பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். காரம் எழும்பிய பிறகுதான் வினிகர் விட வேண்டும், முன்னாலேயே விட்டால் எழும்பாது. துருவிப் பிழிந்த வெள்ளை முள்ளங்கியும் துருவிய ஆப்பிளும் உப்பும் சேர்த்தால் ஆப்ஃபல்க்ரெனுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஷ்னிட்சல் மிஞ்சினால் மறுநாள் சூடாக்க வேண்டாம். ரொட்டியைப் பிளந்து, இந்தக் கடுகுக் கலவையைத் தடவி, ஆறிய ஷ்னிட்சலை அப்படியே உள்ளே வைத்துச் சாப்பிடுங்கள். வியன்னாக்காரர்கள் ரயில் பயணத்துக்கு இப்படித்தான் கட்டிக்கொண்டு போகிறார்கள்.